அஸ்பாசியா: எதை எழுதலாம், எதை விடலாம்?

மாலைவெயில் (கேள்வி)

வணக்கம் நண்பர்களே. ஒரு ஆடியோ தொடருக்காக கி.மு. 5ஆம் நூற்றாண்டு ஏதென்ஸில் வாழ்ந்த அஸ்பாசியாவைப் பற்றி இருபது நிமிட ஸ்கிரிப்ட் எழுதுகிறேன். படிக்கும் இடமெல்லாம் ஆளுக்கொரு அஸ்பாசியாவைக் காட்டுகிறார்கள். ஒரு தளத்தில் விலைமாதர் விடுதி நடத்தியவர். இன்னொன்றில் சாக்ரடீஸுக்கே பேச்சுக்கலை சொல்லிக்கொடுத்தவர். மற்றொன்றில் ஏதென்ஸின் அரசியல் தலைவர் பெரிக்ளிஸைத் தலையணை மந்திரத்தால் ஆட்டிவைத்து இரண்டு போர்களைக் கிளப்பிவிட்டவர். கடவுள் நிந்தனை வழக்கில் மாட்டிக்கொண்டார், பெரிக்ளிஸ் நீதிமன்றத்தில் அழுது மீட்டார் என்கிறார்கள். அவர் மனைவியா, சேர்ந்து வாழ்ந்தவரா என்பதிலும் குழப்பம்.

எதை அடித்துச் சொல்லலாம், எதற்கு "என்று சொல்வார்கள்" போடவேண்டும், எதைத் தொடவே கூடாது? மூல நூல்களைப் படித்தவர்கள் கொஞ்சம் விரிவாகச் சொன்னால் உதவியாக இருக்கும். எந்தப் படத்தைப் போடுவது என்பதும் தெரியவேண்டும்.

சுவடிப்பெட்டி

உங்களிடம் இருக்கும் ஒவ்வொரு செய்திக்கும் பக்கத்தில், அதை முதன்முதலில் எழுதியவர் யார், எந்த ஆண்டில் எழுதினார் என்று குறித்துக்கொள்ளுங்கள். பாதிக் குழப்பம் அதிலேயே தீரும்.

அஸ்பாசியா பிறந்தது கி.மு. 470ஐ ஒட்டி, மிலேட்டஸ் நகரில். அது இன்றைய துருக்கியின் மேற்குக் கரை. தந்தை பெயர் அக்சியோகஸ். பெரிக்ளிஸுடன் வாழ்ந்தது ஏறத்தாழ கி.மு. 445 முதல் அவர் இறந்த 429 வரை. ஆனால் தொடர்ச்சியான "வாழ்க்கை வரலாறு" என்று நாம் படிப்பதில் முக்கால்வாசி, கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் எழுதிய பெரிக்ளிஸ் வரலாற்றின் 24ஆம் அத்தியாயத்திலிருந்து வருவது. புளூட்டார்க் எழுதியது கி.பி. 100ஐ ஒட்டி. நடுவில் ஐந்நூறு வருடத்துக்கு மேல் இடைவெளி. அவர் பொய் சொல்பவர் அல்ல, தன் மேஜையில் கிடந்ததையெல்லாம் கோத்துக் கொடுத்தவர். அந்த மேஜையில் என்ன கிடந்தது என்பதுதான் கேள்வி.

அஸ்பாசியா காலத்திலேயே எழுதப்பட்டு, அவரைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுவதாக நம்மிடம் இருப்பது நகைச்சுவை நாடகம் மட்டுமே. நாடகாசிரியர் கிராட்டினஸ் அவரை ஹேரா, அதாவது சியூஸ் கடவுளின் மனைவி என்கிறார். காரணம், பெரிக்ளிஸுக்கு மேடையில் "ஒலிம்பியன்", அதாவது சியூஸ் என்று பட்டப்பெயர். அதே மூச்சில் "நாய்க்கண் வைப்பாட்டி" என்றும் வசை. ஓம்ஃபலே என்றும் தேயனைரா என்றும் நாடகங்களில் பெயர் சூட்டினார்கள் என்கிறார் புளூட்டார்க். ஒருத்தி புராண வீரன் ஹெராக்ளிஸைப் பெண்ணுடை உடுத்தி நூல் நூற்க வைத்த ராணி, இன்னொருத்தி அவன் சாவுக்குக் காரணமான மனைவி. குறி எங்கே என்று தெரிகிறதல்லவா? அடி விழுவது பெரிக்ளிஸ் மேல்தான், "இவன் ஒரு பொம்பளைக்கு அடங்கினவன்" என்று. அதற்குப் பயன்பட்ட கம்பு அஸ்பாசியா.

இப்போது விடுதிக் கதையை மட்டும் எடுத்துப் பாருங்கள். கி.மு. 425இல் அரிஸ்டோஃபனீஸின் "அகார்னியர்" மேடையேறுகிறது. அதில் டிக்கையோபோலிஸ் என்ற விவசாயி, ஸ்பார்ட்டாவோடு போர் எப்படி வந்தது என்று விளக்குகிறான்: குடித்துவிட்டு ஆட்டம் போட்ட ஏதென்ஸ் வாலிபர்கள் பக்கத்து நகரமான மெகாராவுக்குப் போய் சிமைதா என்ற விலைமாதைத் தூக்கி வந்தார்கள், பதிலுக்கு மெகாராக்காரர்கள் அஸ்பாசியாவின் விலைமாதர் இரண்டு பேரைத் தூக்கிப் போனார்கள், ஒலிம்பியன் பெரிக்ளிஸ் இடி இடித்து மின்னல் வெட்டி, குடிப்பாட்டு மெட்டில் சட்டம் போட்டான், கிரேக்கம் முழுக்கப் பற்றிக்கொண்டது, மூன்று வேசிகளால். வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் தன் வரலாற்றைத் தொடங்குவது ஈயோ, யூரோப்பா, மெடேயா, ஹெலன் என்று பெண்கள் மாறிமாறிக் கடத்தப்பட்ட கதையோடு. அதைக் கிண்டலடிக்கும் பகுதி இது என்று பலர் சொல்கிறார்கள். எப்படியானாலும் மேடை நகைச்சுவை. கடத்தப்பட்டதாகச் சொல்லும் பெண்கள் இரண்டு பேர்.

கி.பி. 100: புளூட்டார்க் எழுதுகிறார், அஸ்பாசியா கௌரவமில்லாத ஒரு தொழில் நடத்தினார், இளம் பெண்களை விலைமாதராக வளர்த்தார் என்று. கி.பி. 200ஐ ஒட்டி அதினேயஸ் என்ற கிரேக்க எழுத்தாளர் எழுதுகிறார்: அழகிகளைக் கூட்டங்கூட்டமாக இறக்குமதி செய்தார், கிரேக்கமே அவருடைய விலைமாதரால் நிறைந்தது. இதற்குச் சாட்சி யார்? அரிஸ்டோஃபனீஸ் என்று அவரே சொல்கிறார். இரண்டு பேர் அறுநூறு ஆண்டில் நாடு நிறைய ஆகிவிட்டார்கள். ஒரே சாட்சிதான், நீளம் மட்டும் கூடிக்கொண்டே போகிறது. விடுதி பற்றி இதைத் தாண்டிச் சுயமான ஆதாரம் கிடையாது. ஸ்கிரிப்டில் வைப்பதானால் நாடகத்தின் பெயரையும் ஆண்டையும் சொல்லி, நாடக வசனமாகவே வையுங்கள்.

கி.மு. 4ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் சாக்ரடீஸின் மாணவர்கள் எழுதியது தனி அடுக்கு. அதை வேறு யாராவது எடுத்துக்கொள்ளுங்கள், நீளமாகிறது.

அந்தக் காலப் போர் வரலாற்றை எழுதிய துசிடிடீஸ் அஸ்பாசியாவின் பெயரையே எடுப்பதில்லை. அதனால் அஸ்பாசியாவுக்குச் செல்வாக்கே இல்லை என்று வாதிடாதீர்கள். அவர் பொதுவாகவே பெண்களைப் பெயர் சொல்லி எழுதுபவர் அல்ல. ஆர்கோஸ் ஹேரா கோயில் பூசாரி கிரிசிஸ் போல ஒருசிலர்தான் வருவார்கள்.

வழக்காடி

மனைவியா இல்லையா என்பதைச் சட்டத்திலிருந்து பார்த்தால் தெளிவு கிடைக்கும்.

கி.மு. 451/450இல் பெரிக்ளிஸே முன்மொழிந்து நிறைவேற்றிய சட்டம்: தாய், தந்தை இருவருமே ஏதென்ஸ் குடிகளாக இருந்தால்தான் பிள்ளைக்குக் குடியுரிமை. அதற்கு முன் தந்தை மட்டும் போதும். இந்தச் சட்டம் வெளியூர்ப் பெண்ணைக் கட்டுவதைத் தடுக்கவில்லை, பிறக்கும் பிள்ளையை வெளியே நிறுத்தியது. "அந்நியப் பெண்ணோடு மனைவியாக வாழ்ந்தால் தண்டனை" என்ற விதி நமக்குத் தெரிவது நேயைரா என்ற பெண் மேல் நடந்த வழக்கின் உரையிலிருந்து. அது கி.மு. 340களில் நடந்தது. அங்கே அந்நியருக்குத் தண்டனை அடிமையாக விற்பனை, கூட வாழ்ந்த குடிமகனுக்கு ஆயிரம் திராக்மா அபராதம். இணையக் கட்டுரைகள் பல இந்தச் சட்டத்தை நூறு ஆண்டு பின்னுக்கு இழுத்து அஸ்பாசியா தலையில் கட்டுகின்றன. அதைச் செய்யாதீர்கள்.

சட்டம் வெறும் காகிதமாக இருக்கவில்லை. கி.மு. 445/444இல் எகிப்திலிருந்து 40,000 மெடிம்னஸ் (ஒரு முகத்தல் அளவு) தானியம் அன்பளிப்பாக வந்தது. பங்கு குடிமக்களுக்கு மட்டும் என்பதால் யார் உண்மையான குடி என்று துருவ ஆரம்பித்தார்கள். ஐயாயிரத்துக்குச் சற்றுக் குறைவானவர்கள் பிடிபட்டு விற்கப்பட்டார்கள், தேறியவர்கள் 14,040 பேர் என்று புளூட்டார்க் கணக்குச் சொல்கிறார். அஸ்பாசியா பெரிக்ளிஸ் வீட்டுக்கு வந்ததாக நாம் கணிக்கும் ஆண்டும் கிட்டத்தட்ட அதுதான். அந்தச் சூழலில் அவர்களுக்குப் பிறந்த மகன், இளைய பெரிக்ளிஸ், அப்பா போட்ட சட்டத்தாலேயே "நோதோஸ்", அதாவது முறையற்ற பிள்ளை. தந்தையின் குலக்குழுவில் பெயர் சேர்க்க முடியாது, முறையான வாரிசாகவும் முடியாது.

பெரிக்ளிஸின் முதல் மனைவி அவருக்கு உறவுக்காரர். அதற்கு முன் ஹிப்போனிக்கஸை மணந்திருந்தவர். சந்திப்பஸ், பராலஸ் என்று பெரிக்ளிஸுக்கு இரண்டு முறையான பையன்கள். இருவர் சம்மதத்தோடும் பிரிந்தார்கள், அந்த அம்மாளை வேறொருவருக்குக் கட்டிக்கொடுத்தார் என்கிறார் புளூட்டார்க். அந்த மனைவியின் பெயர் எந்த நூலிலும் இல்லை. கௌரவமான ஏதென்ஸ் பெண்ணுக்கு அதுதான் மரியாதை. ஆண்கள் மத்தியில் புகழ்ச்சியாகவோ இகழ்ச்சியாகவோ மிகக் குறைவாகப் பேசப்படுவதே பெண்ணுக்குப் பெருமை என்று போரில் இறந்தவர்களுக்கான இரங்கலுரையில் பெரிக்ளிஸ் சொல்வதாக துசிடிடீஸ் எழுதுகிறார். ஊரில் எல்லோர் வாயிலும் விழுந்த பெண்ணோடு வாழ்ந்தவர் பேசிய வாக்கியம் அது.

அஸ்பாசியாவின் அன்றாட நிலையைச் சொல்ல "மெட்டோய்கோஸ்" என்ற வகையை விளக்கவேண்டும். ஊரில் தங்கி வாழும் அந்நியர். நிலமோ வீடோ சொந்தமாக வாங்க முடியாது. உள்ளூர்க் குடிமகன் ஒருவர் பொறுப்பேற்பவராக இருக்கவேண்டும். 4ஆம் நூற்றாண்டுச் சான்றுகளின்படி தலைவரி ஆண்டுக்கு ஆணுக்கு 12 திராக்மா, ஆண் துணையில்லாமல் தனியாக இருக்கும் பெண்ணுக்கு 6. கைத்தொழில் தெரிந்தவரின் நாள்கூலி ஒரு திராக்மா அளவில் இருந்த ஊரில் தொகை பெரிதல்ல. கட்டாவிட்டால் வரும் தண்டனைதான் பெரிது: அடிமைச் சந்தை.

ஆக, "ஏதென்ஸ் சட்டத்தின் முன் முழு மனைவிக்குரிய பலன் இல்லாத, நிலையான வாழ்க்கைத் துணை" என்று எழுதினால் யாரும் குற்றம் சொல்ல முடியாது. கிராட்டினஸின் வசையில்கூட இருப்பது வைப்பாட்டி என்ற வார்த்தை. கூலிக்கு வரும் பெண்ணுக்கும் வீட்டோடு இருக்கும் பெண்ணுக்கும் வேறுபாடு எதிரிக்கே தெரிந்திருக்கிறது.

கடைசிக் கட்டம் முக்கியம். கி.மு. 430இல் கொள்ளைநோய். முறையான பையன்கள் இருவரும் அதில் போய்விட்டார்கள். பெரிக்ளிஸ் மக்கள் மன்றத்தில் விதிவிலக்கு கேட்டார், கொடுத்தார்கள். அஸ்பாசியாவின் மகன் தந்தை பெயரோடு குலக்குழுவில் பதிவானான். கி.மு. 410/409இல் அவன் கொலார்கோஸ் ஊர்ப் பெரிக்ளிஸாக, ஏதென்ஸ் தலைமையிலான நகரக் கூட்டணியின் கருவூல அதிகாரிகளில் ஒருவனாகக் கல்வெட்டில் வருகிறான். 406இல் தளபதி.

வழக்கைப் பற்றி. புளூட்டார்க் சொல்வது: ஹெர்மிப்பஸ் வழக்குத் தொடுத்தான், குற்றச்சாட்டு இரண்டு, கடவுள் நிந்தனை ஒன்று, பெரிக்ளிஸுக்காகக் குடிப்பெண்களைத் தன் வீட்டுக்கு வரவழைத்துக் கூட்டிக்கொடுத்தது இன்னொன்று. நடைமுறை இப்படி இருந்திருக்கும்: கடவுள் நிந்தனைப் பொது வழக்கு, எந்தக் குடிமகனும் தொடுக்கலாம். முதற்கட்ட விசாரணை பசிலியஸ் என்ற ஆர்க்கோனிடம், அதாவது நகர அதிகாரியிடம். பிறகு நூற்றுக்கணக்கான நடுவர்கள் முன் ஒரே நாளில் முடியும். பெண் தானே எழுந்து பேச முடியாது, அவருக்காக ஒரு ஆண்தான் பேசவேண்டும். பெரிக்ளிஸ் பேசினார், அழுதார் என்ற பகுதி இந்த நடைமுறையோடு அச்சாகப் பொருந்துகிறது. நடுவர்கள் முன் அழுவதும் அங்கே சாதாரணம்.

சுவடிப்பெட்டி

வழக்காடி சொன்னதில் கடைசிப் பத்தியில்தான் எனக்கு உடன்பாடில்லை. ஹெர்மிப்பஸ் யார்? நகைச்சுவை நாடகாசிரியர். பெரிக்ளிஸைத் திட்டி நாடகம் போட்டவர். மேடையில் "உன்மேல் வழக்கு" என்று ஒரு காட்சி வைத்திருப்பார், பின்னால் வந்தவர்கள் அதை உண்மை வழக்காக எடுத்துக்கொண்டார்கள் என்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. கூட்டிக்கொடுத்தாள் என்ற பகுதியே அப்பட்டமான மேடைச் சரக்கு.

வழக்காடி

அப்படி முழுக்கத் தள்ள முடியாது ஐயா. அழுத செய்தியைப் புளூட்டார்க் தானாகச் சொல்லவில்லை, சாக்ரடீஸின் மாணவர் ஈஸ்கினஸ் சொன்னதாகச் சொல்கிறார். சாக்ரடீஸின் இன்னொரு மாணவர் ஆன்டிஸ்தனீஸும் அதைச் சொன்னார் என்று அதினேயஸ் வழியாகத் தெரிகிறது: தன் உயிருக்கும் சொத்துக்கும் ஆபத்து வந்தபோது அழுததைவிட இவளுக்காக அதிகம் அழுதார் என்று. இருவரும் கி.மு. 4ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதியவர்கள். வாசகர்களில் கிழவர்கள் பெரிக்ளிஸ் காலத்தைக் கண்ணால் பார்த்தவர்கள். நடக்காத வழக்கை இருவருமே எழுதியிருப்பார்களா?

மாலைவெயில், இந்த இடத்தில்தான் "என்று சொல்வார்கள்" போடுங்கள். "ஒரு வழக்கு பேசப்படுகிறது, தொடுத்தவராகச் சொல்லப்படுபவர் நாடகாசிரியர் என்பதால் சந்தேகமும் உண்டு" என்று இரண்டு வரியில் முடித்துக்கொள்ளுங்கள். ஆண்டு போடாதீர்கள். புளூட்டார்க் போர் தொடங்கும் காலத்தை ஒட்டி வைக்கிறார், அவ்வளவே.

மாலைவெயில்

அருமை. விடுதிப் பகுதியைத் தூக்கிவிட்டேன். போர் விஷயம்? சமோஸ் போர், அப்புறம் ஸ்பார்ட்டாவோடு நடந்த பெலொப்பொனேசியப் போர், இரண்டுக்கும் அவர்தான் காரணம் என்று எழுதியிருக்கிறார்களே. பெரிக்ளிஸ் இறந்ததும் ஒரு ஆட்டு வியாபாரியைப் பிடித்து அவரையும் தலைவர் ஆக்கினார் என்றும் இருக்கிறது.

துடுப்பு

சமோஸிலிருந்து ஆரம்பிப்போம். கி.மு. 440இல் சமோஸும் மிலேட்டஸும் பிரியேனே என்ற ஊருக்காகச் சண்டை போட்டன. மிலேட்டஸ் தோற்று ஏதென்ஸிடம் முறையிட்டது. சமோஸில் ஆட்சியை மாற்ற நினைத்த உள்ளூர்க்காரர்கள் சிலரும் கூடச் சேர்ந்து முறையிட்டார்கள். பெரிக்ளிஸ் 40 கப்பலோடு போய் மக்களாட்சியை நிறுவி, 50 சிறுவர்களையும் 50 பெரியவர்களையும் பணயமாகப் பிடித்து லெம்னோஸ் தீவில் வைத்தார். சமோஸ் திரும்பக் கிளம்பியது. ஒன்பது மாத முற்றுகைக்குப் பிறகு பணிந்தது. மதில் இடிப்பு, கப்பல் பறிமுதல், போர்ச் செலவைத் தவணையில் கட்டவேண்டும். இவ்வளவும் துசிடிடீஸில் இருக்கிறது, அஸ்பாசியா இல்லை.

சொந்தக் கப்பல்படை வைத்திருந்த கூட்டாளி நகரங்களே விரல்விட்டு எண்ணக்கூடியவை. அதில் ஒன்று ஏதென்ஸ் பேச்சைக் கேட்காமல் போனால் கூட்டணி முழுக்க ஆட்டம் காணும். போருக்கு இந்தக் காரணம் தாராளமாகப் போதும்.

ஆனால் தெருவில் எப்படிப் பேசியிருப்பார்கள் என்று யோசியுங்கள். ஒரு பக்கம் மிலேட்டஸ், தலைவர் வீட்டில் மிலேட்டஸ்காரி. வதந்திக்கு இதைவிட என்ன வேண்டும்! அந்த ஆண்டுகளில், கி.மு. 440/439 முதல் 437/436 வரை, நகைச்சுவை நாடகத்தில் கிண்டல் செய்வதற்கே ஒரு கட்டுப்பாட்டுத் தீர்மானம் இருந்தது. மேடை எவ்வளவு சூடாக இருந்திருக்கும் என்பதற்கு அது ஒரு அளவுகோல். "இரண்டு போருக்கும் அவளே காரணம்" என்பதற்குப் பின்னாளைய அகராதிக்காரர் ஹார்ப்போகிராட்டியன் காட்டும் சாட்சிகளில் ஒருவர் வரலாற்றாசிரியர் டூரிஸ். எந்த ஊர்? சமோஸ். நூறு ஆண்டு கழித்தும் மதில் இடிந்த வலி போகவில்லை.

அரிஸ்டோஃபனீஸ் கிண்டல் செய்த அந்தச் சட்டம், அதாவது மெகாரா மீதான வணிகத் தடையைப் பொறுத்தவரை ஏதென்ஸ் வெளியே சொன்ன காரணங்கள் துசிடிடீஸில் உண்டு: புனித நிலத்தையும் எல்லை நிலத்தையும் உழுதது, ஓடிப்போன அடிமைகளுக்கு இடம் கொடுத்தது. அந்த அடிமை விவகாரத்தைத்தான் அரிஸ்டோஃபனீஸ் அஸ்பாசியா வீட்டுப் பெண்களாக மாற்றினார் என்று ஒரு கருத்து உண்டு. கருத்துதான், நிரூபணம் இல்லை.

ஆட்டு வியாபாரி லிசிக்ளிஸ். ஈஸ்கினஸ் சொன்னதாகப் புளூட்டார்க் எழுதுவது: கீழ்க்குடியில் பிறந்த லிசிக்ளிஸ், அஸ்பாசியாவோடு வாழ்ந்ததால் ஏதென்ஸின் முதல் மனிதன் ஆனான். தேதிகளைப் பக்கத்தில் வையுங்கள். பெரிக்ளிஸ் இறந்தது கி.மு. 429 இலையுதிர் காலம். லிசிக்ளிஸ் தளபதியாக 12 கப்பலோடு காசு வசூலிக்கப் போய், காரியா நாட்டில் மியாண்டர் ஆற்றுச் சமவெளியைத் தாண்டும்போது உள்ளூர்ப் படை தாக்கிச் செத்தது 428/427 குளிர்காலம். நடுவில் ஒரு வருடமும் சில மாதமும். அதற்குள் ஒருவனை ஒன்றுமில்லாத இடத்திலிருந்து எடுத்து, பேசக் கற்றுக்கொடுத்து, தளபதித் தேர்தலில் ஜெயிக்க வைத்து, தலைவனாக்குவது நடக்கிற காரியமா? ஏற்கெனவே அரசியலில் இருந்தவன் என்று வைத்தால்தான் கணக்கு வரும். "ஆட்டு வியாபாரி" என்பதும் மேடை வசை. தோல் வியாபாரி கிளியோன், ஆட்டு வியாபாரி லிசிக்ளிஸ் என்று அரிஸ்டோஃபனீஸ் வரிசையாகப் பெயர் வைத்திருக்கிறார். பெரிய மந்தைக்கும் பட்டறைக்கும் முதலாளிகளாக இருந்திருப்பார்கள்.

அவர்கள் சேர்ந்து வாழ்ந்ததை மறுக்கவேண்டியதில்லை. அந்நியப் பெண், பெரும்புள்ளியின் பாதுகாப்பு போனதும் இன்னொரு பொறுப்பாளர் தேவை. வழக்காடி சொன்ன சட்டத்தைப் பார்த்தாலே இது காதலா கணக்கா என்று நாம் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை என்று தெரியும். லிசிக்ளிஸுக்குப் பிறகு அஸ்பாசியா என்ன ஆனார் என்பதற்கு நம்பகமான செய்தி எதுவும் இல்லை, கற்பனை செய்யவேண்டாம்.

மகன் முடிவை விட்டுவிடாதீர்கள். கி.மு. 406, அர்கினூசே கடற்போர். ஏதென்ஸ் ஜெயித்தது. ஆனால் மூழ்கும் 25 கப்பல்களின் ஆட்களைப் புயலில் மீட்க முடியவில்லை. எட்டுத் தளபதிகளில் ஊர் திரும்பிய ஆறு பேருக்கும் ஒரே வாக்கெடுப்பில் மரண தண்டனை. ஒவ்வொருவருக்கும் தனி விசாரணை வேண்டும் என்பது முறை. அன்று மன்றத் தலைமைக் குழுவில் இருந்த சாக்ரடீஸ் இந்த வாக்கெடுப்புக்கு ஒத்துக்கொள்ள மறுத்தார். செத்த ஆறு பேரில் ஒருவர் இளைய பெரிக்ளிஸ்.

இன்னொன்று. யூபோலிஸ் என்ற நாடகாசிரியர் கி.மு. 412ஐ ஒட்டிப் போட்ட "டேமோய்" நாடகத்தில், செத்த பெரிக்ளிஸைப் பாதாளத்திலிருந்து எழுப்பிக் கொண்டுவருவார்கள். அவர் கேட்பார்: என் முறையற்ற பிள்ளை உயிரோடு இருக்கிறானா? பதில்: இருக்கிறான், எப்போதோ ஆளாகியிருப்பான், வேசி மகன் என்ற அச்சம்தான் அவனைத் தடுக்கிறது. குடியுரிமை கொடுத்துப் பதினைந்து ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது. சட்டம் மன்னித்தாலும் ஊர் வாய் மூடவில்லை. உங்கள் உரையில் எனக்கு ஒரே ஒரு இடம் கொடுத்தால் இந்த வசனத்தைத்தான் வைப்பேன்.

திண்ணைப்பள்ளி

ஆசிரியை பகுதிக்கு வருகிறேன். இங்கேயும் சாட்சிகளை ஒரே மூட்டையாகக் கட்டக் கூடாது.

அதிகம் மேற்கோள் காட்டப்படுவது பிளேட்டோவின் "மெனக்செனஸ்". சாக்ரடீஸ் சொல்கிறார்: பேச்சுக்கலையில் எனக்கு ஆசிரியை அஸ்பாசியா, பெரிக்ளிஸ் பேசிய இரங்கலுரையை உருவாக்கியதும் அவர்தான், அதில் மிச்சம் விழுந்த துண்டுகளை ஒட்டி நேற்று ஒரு உரை சொல்லிக்கொடுத்தார், மறந்தபோது அடி விழாத குறை. பிறகு முழு உரையையும் ஒப்பிக்கிறார். அந்த உரை கி.மு. 387/386இல் முடிந்த கொரிந்தியப் போர் வரை பேசுகிறது. சாக்ரடீஸ் செத்தது 399இல்! பிளேட்டோவுக்கு இது தெரியாதா என்ன? வேண்டுமென்றே வைத்த கேலி. மயானத்தில் தேசபக்தி பொங்கப் பேசுவதை ஒரு வெளியூர்ப் பெண்ணின் வாயில் வைத்துக் கிண்டலடிக்கிறார். அதனால் "பெரிக்ளிஸ் உரையை எழுதியவர் அஸ்பாசியா" என்று உண்மைச் செய்தியாக எழுதக் கூடாது. ஆனால் அஸ்பாசியாவுக்குப் பேச்சுத்திறன் உண்டு என்ற பேச்சு ஊரில் ஏற்கெனவே இல்லாவிட்டால் இந்தக் கேலி யாருக்கும் புரிந்திருக்காது. இந்த அளவுக்கு மட்டும் நம்பலாம்.

சாக்ரடீஸின் இன்னொரு மாணவர் செனபோன் கேலி செய்பவர் அல்ல. அவர் எழுத்தில் சாக்ரடீஸ் அஸ்பாசியா சொன்னதாக ஒரு கருத்தை எடுத்துச் சொல்கிறார்: கல்யாணத் தரகர்கள் இரண்டு பக்கத்தையும் பற்றி உண்மையான நல்லதைச் சொன்னால்தான் சம்பந்தம் நிலைக்கும், பொய்யாகப் புகழ்ந்து முடித்தால், ஏமாந்த இருவரும் ஒருவரையொருவர் வெறுப்பார்கள், தரகரையும் வெறுப்பார்கள். வேறொரு நூலில், மனைவிக்கு வீட்டு நிர்வாகம் பழக்குவது பற்றிப் பேச்சு வரும்போது, "அஸ்பாசியாவை உனக்கு அறிமுகம் செய்கிறேன், இதில் என்னைவிட விஷயம் தெரிந்தவர்" என்கிறார். கல்யாணம், குடும்பம் என்ற துறையில் யோசனை சொல்லக்கூடியவர் என்ற மதிப்பு இது. விடுதிக்காரி கதையோடு கொஞ்சமும் ஒட்டவில்லை, பாருங்கள்.

நான் முக்கியமாகச் சொல்லவந்தது ஈஸ்கினஸின் "அஸ்பாசியா" உரையாடல். நூல் தொலைந்துபோயிற்று. ஆனால் ஒரு காட்சியை ரோமப் பேச்சாளர் சிசரோ லத்தீனில் எடுத்துக் கொடுத்திருக்கிறார். அஸ்பாசியா செனபோனின் மனைவியிடம் கேட்கிறார்: பக்கத்து வீட்டுக்காரியிடம் உன்னுடையதைவிட உசத்தியான தங்கநகை இருந்தால் அதை விரும்புவாயா, உன்னுடையதையா? அதைத்தான். உடை? அதுவும் அவளுடையதுதான். சரி, அவளுக்கு வாய்த்த கணவன் உன் கணவனைவிட மேலானவனாக இருந்தால்? அந்தப் பெண் முகம் சிவந்தாள். பிறகு செனபோனிடம் திரும்பி, குதிரை, நிலம், கடைசியில் மனைவி. அவரும் வாயடைத்தார். அப்புறம் அஸ்பாசியா சொல்வது: நான் எந்தக் கேள்விக்குப் பதில் கேட்டேனோ அதற்கு மட்டும் இருவரும் பதில் சொல்லவில்லை, நீங்கள் நினைத்ததை நானே சொல்கிறேன், உலகத்தில் உங்களைவிட நல்ல ஆணும் நல்ல பெண்ணும் இல்லை என்ற நிலையை நீங்கள் இருவரும் உண்டாக்கிக்கொள்ளாதவரை, உச்சத்தில் இருப்பதையே தேடிக்கொண்டிருப்பீர்கள்.

சின்னச் சின்ன ஒப்புதல்களை வாங்கி, மறுக்க முடியாத இடத்தில் கொண்டு நிறுத்தும் இந்த முறையைச் சாக்ரடீஸ் முறை என்று சொல்லிப் பழகிவிட்டோம். ஈஸ்கினஸ் அதை ஒரு பெண்ணின் கையில் கொடுக்கிறார். இதுவும் எழுதிய உரையாடல்தான், ஒலிப்பதிவு அல்ல. இருந்தாலும் சாக்ரடீஸை நேரில் அறிந்தவர் இப்படி எழுதத் துணிந்தார் என்பது எடையுள்ள செய்தி. சிசரோவின் நூல் இடைக்காலப் பாடசாலைகளில் ஓயாமல் ஓதப்பட்டதால் இந்தக் காட்சி பிழைத்தது. 12ஆம் நூற்றாண்டில் பிரான்ஸில் எலோய்ஸ் என்ற கன்னிமடத் தலைவி, தன் கணவரான தத்துவ அறிஞர் அபெலார்டுக்கு எழுதிய கடிதத்தில் இதை எடுத்தாள்கிறார். ஆன்டிஸ்தனீஸும் "அஸ்பாசியா" என்று ஒரு உரையாடல் எழுதினார். அதில் தொனி நேர்மாறு, பெரிக்ளிஸ் சிற்றின்பத்துக்கு அடிமை என்று காட்டுவதற்கு. தினமும் சந்தைவெளிக்குப் போகும்போதும் வரும்போதும் அவளை முத்தமிட்டான் என்பது அந்தப் பக்கத்திலிருந்து வரும் செய்திதான். இன்று காதலர் தினக் கட்டுரைகளில் அதை இனிக்க இனிக்க எழுதுகிறார்கள். முதலில் எழுதியபோது அது குற்றச்சாட்டு.

துடுப்பு

எப்படி ஏதென்ஸ் வந்தார் என்பதற்கு ஒரு ஊகம், விருப்பமிருந்தால் சேர்த்துக்கொள்ளுங்கள். புகழ்பெற்ற ஏதென்ஸ் அரசியல்வாதி அல்கிபியாடிஸின் தாத்தா, அவர் பெயரும் அல்கிபியாடிஸ், கி.மு. 460இல் நாடுகடத்தப்பட்டார். அந்தக் குடும்பத்தில் பின்னால், அஸ்பாசியாவின் தந்தைக்கு இருந்த அக்சியோகஸ் என்ற பெயர் வருகிறது. 4ஆம் நூற்றாண்டுக் கல்லறைக் கல்வெட்டு ஒன்றில் அஸ்பாசியோஸ் என்ற பெயரும் அதே வட்டாரத்தில் வருகிறது. இரண்டுமே ஏதென்ஸில் அபூர்வமான பெயர்கள். நாடுகடத்தப்பட்டவர் மிலேட்டஸில் தங்கி, அஸ்பாசியாவின் அக்காவைக் கட்டி, கி.மு. 450 வாக்கில் மனைவி, மைத்துனி எல்லோரோடும் திரும்பியிருக்கலாம் என்று பீட்டர் பிக்னெல் 1982இல் வாதிட்டார். ஊகம் சரியென்றால் அஸ்பாசியா பெருங்குடி வீட்டுப் பெண், கப்பலிறங்கிய அனாதை விலைமாது அல்ல. கல்வெட்டு உண்மை, பெயர்கள் உண்மை, நடுவில் போட்ட கோடு மட்டும் ஊகம். அப்படியே பிரித்துச் சொல்லுங்கள்.

சுவடிப்பெட்டி

படம் கேட்டிருந்தீர்கள். வத்திக்கான் அருங்காட்சியகத்தில் இருக்கும் பளிங்குத் தலைத்தூண்தான் பாதுகாப்பானது. 1777இல் இத்தாலியில் சிவிடவெக்கியா பக்கம் கிடைத்தது. அடியில் அஸ்பாசியா என்று கிரேக்க எழுத்தில் பொறித்திருக்கிறது. கிரேக்க மூலத்தைப் பார்த்து ரோமர் காலத்தில் செய்த பிரதி, அதனால் "நேரில் பார்த்துச் செதுக்கியது" என்று சொல்லிவிடாதீர்கள். தலையில் முக்காடு, அடக்கமான முகம். நாடகம் சொல்லும் ஆளுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. தேடினால் உடல் முழுக்கப் போர்வை போர்த்தி நிற்கும் இன்னொரு சிலையும் "அஸ்பாசியா" என்ற பெயரில் வரும். அது இக்கால ஆய்வாளர்கள் ஒரு சிலை வகைக்கு வைத்த அடையாளப் பெயர், எடுக்காதீர்கள்.

மாலைவெயில்

எல்லோருக்கும் நன்றி. ஆரம்பத்துக்கு ஒரு பத்தி வைத்திருக்கிறேன்: சிறுமி அஸ்பாசியாவுக்கு முகவாயில் ஒரு கட்டி வந்தது, வைத்தியரைக் கூப்பிடக் காசில்லை, அஃப்ரோடைட்டியின் ரோஜா இதழைப் பொடித்துப் பூசியதில் குணமாகி ஊரிலேயே அழகி ஆனாள் என்று. கேட்பவர்களுக்குப் பிடிக்கும். இது பரவாயில்லையா?

திண்ணைப்பள்ளி

அது வேறு அஸ்பாசியா! போகேயா ஊர்க்காரி, ஹெர்மோட்டிமஸின் மகள், இயற்பெயர் மில்டோ. பாரசீக இளவரசன் இளைய சைரஸின் அந்தப்புரத்தில் இருந்தவள். மிலேட்டஸ்காரியின் புகழைக் கேட்டு சைரஸ் அவளுக்கு அந்தப் பெயரை வைத்தான். கி.மு. 401இல் குனாக்சா போரில் அவன் செத்ததும் அண்ணன் அர்த்தசெர்க்சஸ் அரண்மனைக்குப் போனாள். ரோஜா கதை கி.பி. 3ஆம் நூற்றாண்டில் ஏலியன் எழுதியது, அவளைப் பற்றி. பத்தியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் பக்கத்து வீட்டு நகைக் கேள்வியை வையுங்கள், கேட்பவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். மில்டோவுக்குத் தனியாக ஒரு எபிசோடே போடலாம்.